பிணம் மூச்சு விட்டது பற்றிப் பொதுமக்கள் கருத்து

படம் விட்டு வெளியே வந்த கூட்டத்தின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்காத படத்தைப் பற்றி வாயை மூடிக்கொண்டு வீடு போய்ச் சேருகிற வழக்கம் கள்ளக்குறிச்சியில் கிடையாது. அதிலும் தியேட்டர் வாசலில் ஒருத்தன் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றால், கருத்தே இல்லாதவன்கூடப் பக்கத்தில் நிற்பவனிடம் இரவல் வாங்கி வந்து சொல்லிவிட்டுப் போவான்.

மைக்கை நீட்டியவன் ஜீவா. யூடியூபில் சினிமா சேனல் வைத்திருக்கிற உள்ளூர்ப் பையன். படத்தின் பெயர் ‘சாம்பல் நிறத் தொப்பி’.

“ஃபோட்டோகிராஃபி தாறுமாறு தல. ஒவ்வொரு ஃபிரேமையும் காலண்டர் போட்டு மாட்டலாம். கதை மட்டும் கொஞ்சம் கம்மி.”

“கொஞ்சம்தான் கம்மியா?”

“செரி, இல்லன்னே வெச்சிக்கோ.”

அடுத்து வந்தவர் கையில் ஹெல்மெட்டோடு, போருக்குப் போகிறவர் மாதிரி வந்தார். “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்திரெண்டுல கல்வராயன் மலைமேல எவன்பா கோட்டு சூட்டு மாட்டிகினு திரிஞ்சான்? எங்க தாத்தா கோவணத்தோட திரிஞ்சாரு. மலையில நைட் கிளப்பாம், அதுல ஒரு பொண்ணு இங்கிலீஷ்ல பாடுதாம். அந்தக் காலத்துல அங்க பாட்டரி லைட்டுகூடக் கெடையாது!”

இடுப்பில் குழந்தையோடு வந்த பெண் மட்டும் மனதாரப் பாராட்டினாள். “மழை நல்லா இருந்துச்சுங்க. கொடியில துணி காயுதே, போய் எடுக்கணுமேன்னு படம் முழுக்க ஞாபகம் வந்துகினே இருந்துச்சு.”

“ஹீரோ?”

“அவரு சிகரெட்டைப் பத்த வெக்கறதுக்குள்ள நான் போயி கொழந்தைக்கு முறுக்கு வாங்கியாந்துட்டேன். வந்து பாத்தா இன்னமும் பத்த வெச்சிகினுதான் இருக்காரு.”

இதையெல்லாம் பைக் ஸ்டாண்டு ஓரமாக, தலையில் துண்டால் முக்காடு போட்டுக்கொண்டு ஒருத்தன் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பெயர் காசிநாதன். மலையடிவாரத்தில் கச்சிராயபாளையம். கரும்பு வெட்டு, மரவள்ளிக் கிழங்கு லோடு என்று கூப்பிட்ட வேலைக்குப் போகிறவன். அந்தப் படத்தில் கொலையாகிக் கிடக்கிற கணக்குப்பிள்ளை ஞானப்பிரகாசம் பிள்ளையின் பிணமாக நடித்தது அவன்தான். சொல்லப்போனால் ஹீரோவை விடப் பிணம்தான் திரையில் ஜாஸ்தி நேரம் இருந்தது. ஆனால் மீசையை வழித்துவிட்டு மூஞ்சியில் மாவு மாதிரி பவுடரை அப்பியிருந்ததால் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அவனுக்கு அந்த வருத்தம் இல்லை. அவன் கவலை வேறு. படத்தில் பிணத்துக்கு அவன் அக்கா வைத்த ஒப்பாரி முழுசாக அப்படியே இருந்தது. ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை. போன ஐப்பசியிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசாத அவன் பெண்டாட்டி இருசம்மாள், இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டாள்.

ஐப்பசியில்தான் மலைமேல், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், பழைய பங்களா மாதிரி ஒரு செட்டுப் போட்டுப் படம் எடுத்தார்கள். ஐப்பசியில் அங்கே மழை தானாகவே பெய்யும். பெய்தது. அது கேமராவில் சரியாக விழவில்லை என்று இயக்குநர் முகத்தைச் சுளித்தார். மழை நிற்கும்வரை எல்லோரும் தார்ப்பாயின் கீழ் காத்திருந்தார்கள். நின்ற பிறகு, அடிவாரத்திலிருந்து டேங்கர் லாரியில் தண்ணீர் ஏற்றிவந்து அதே இடத்தில் மழை பெய்ய வைத்தார்கள். அந்தத் தண்ணீர்க் குழாயைத் தூக்கிப் பிடிக்கிற வேலைக்குப் போனவன்தான் காசிநாதன்.

பிணமாக நடிக்கச் சென்னையிலிருந்து ஒருத்தரைக் கூட்டிவந்திருந்தார்கள். மலைப்பாதை வளைவுகளில் அவர் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார், மேலே சேர்ந்ததும் விக்கல் பிடித்துக்கொண்டது. பாடையில் படுக்க வைத்தால் பாடையோடு சேர்ந்து விக்கினார். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு குழாய்ச் சுருளின்மேல் தலைவைத்துக் காசிநாதன் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. உதட்டின்மேல் ஒரு ஈ நிதானமாக நடந்து போனது. அவன் அசையவில்லை. இயக்குநர் மண்டி போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இவர் தூக்கத்துலயே எவ்வளவு அழகா செத்திருக்கார்” என்றார்.

காசிநாதனுக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறந்ததிலிருந்து யாரும் அவன் தூங்குவதைப் பாராட்டியதில்லை.

மறுநாள் சாவு வீட்டுக் காட்சி. ஒப்பாரி வைக்க உள்ளூர்ப் பெண்களை ஜீப்பில் ஏற்றிவந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவள் காசிநாதனின் கூடப்பிறந்த அக்கா ராணியம்மாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் முதல் அடி எடுத்துக் கொடுப்பது அவள் குரல்தான். வேடிக்கை பார்க்க அவளோடு இருசம்மாளும் வந்திருந்தாள். பிணம் யார் என்று அவளுக்குத் தெரியாது. வந்து பார்த்தால், கால் கட்டைவிரல்கள் ரெண்டையும் சேர்த்துக் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, நெற்றியில் நாணயம் ஒட்டி, வயிற்றின்மேல் சாமந்தி மாலையோடு கிடக்கிறான் அவள் புருஷன்.

“சினிமா புள்ள” என்று பாடையில் படுத்தபடி பல்லைக் காட்டினான். அவள் சிரிக்கவில்லை. வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கயிறு கட்டியிருந்த ஓரத்தில் போய் நின்றாள்.

உதவி இயக்குநர் சிவசங்கர், திருக்கோவிலூர்ப் பையன், பெண்களிடம் வந்து விளக்கினான். “செத்தவர் பேரு ஞானப்பிரகாசம் பிள்ளைக்கா. இயல்பா அழுவுங்க, போதும்.”

“எந்த ஊருப்பா அவுரு?” என்றாள் ராணியம்மாள்.

“ஊரு... ஊரெல்லாம் கதையில இல்லக்கா.”

“கூடப் பொறந்தவங்க?”

“இல்ல.”

“பொண்டாட்டி பேரு இன்னா?”

சிவசங்கர் ஓடிப்போய் இயக்குநரைக் கேட்டான். இயக்குநர், அதெல்லாம் தேவையில்லை, மூடுதான் முக்கியம் என்று சொல்லி அனுப்பினார்.

ராணியம்மாள் முகவாயில் கை வைத்துவிட்டாள். ஒப்பாரி என்பது சும்மா வாய்விட்டு அழுகிற காரியமா? செத்தவனின் ஊரைச் சொல்லி, உறவைச் சொல்லி, தாலி அறுத்துக்கொண்டு நிற்கிறவளின் பெயரைச் சொல்லி எடுத்தால்தான் அது ஒப்பாரி. ஊர்பேர் இல்லாதவனுக்கு அழுதால் தொண்டைக்குள்ளிருந்து சத்தமே கிளம்பாது. அவளும் ரெண்டு தரம் “ஞானப்பிரகாசம்...” என்று இழுத்துப் பார்த்தாள். ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். விளக்குகளை ஏற்றினார்கள், புகையைக் கிளப்பினார்கள். மூன்றாவது தடவை ராணியம்மாள் குனிந்து பாடையில் கிடந்த முகத்தைப் பார்த்தாள். தம்பி. மீசை இல்லாத, மாவு பூசிய, மூக்கில் பஞ்சு வைத்த தம்பி. அவளுக்குள் ஏதோ கழன்றுகொண்டது.

“கச்சிராயபாளையத்துக்
கதவெல்லாம் சாத்திடுச்சே
கண்ணான காசிநாதா
கூப்புட்டாக் கேக்கலியா
பூமுடிஞ்ச இருசம்மா
பூவிழந்து நின்னாளே
பொட்டழிஞ்சு போனாளே...”

குழாய் பிடித்தவர்கள் அழுதார்கள். லைட்மேன் அழுதார். இயக்குநர் ‘கட்’ சொல்ல மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாடையில் கிடந்த காசிநாதனுக்கு மட்டும் வியர்த்தது. இருசா அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறாள். பூவும் பொட்டுமாக இருக்கிறவளை, ஊரே கூடியிருக்கிற இடத்தில், அவள் பெயரைச் சொல்லியே அறுக்கிறார்கள். கண்ணைத் திறக்க முடியாது. கால் கட்டியிருக்கிறது. கையை அசைத்தால் எல்லாம் பாழ். கடைசியில் தன்னால் ஆனதைச் செய்தான். “இருசம்மா பூவிழந்து” என்று அக்கா எடுத்த நேரம் பார்த்து, மாலை மேலே எழும்பி இறங்குகிற அளவுக்கு வயிறு நிறைய ஒரு மூச்சை இழுத்து விட்டான். நான் உசுரோடதான் இருக்கேன் புள்ள என்று அதற்கு அர்த்தம்.

எழுந்து பார்த்தபோது கயிற்றோரத்தில் அவள் இல்லை. ஜீப் ஏறிப் போய்விட்டாள் என்றார்கள். எப்போது போனாள் என்று அவன் யாரையும் கேட்கவில்லை.

“ராணியக்கா பாடுனது படத்துல வராதில்ல?” என்று சிவசங்கரிடம் மட்டும் கேட்டான்.

“அட, மேல சாக்சஃபோன் போட்டுருவோம்ணே. ஒரு எழுத்துக்கூடக் கேக்காது” என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான் அவன்.

அன்றிலிருந்து இருசம்மாள் புருஷனோடு பேச்சை நிறுத்தினாள். ராணியம்மாள் இருந்த தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வீட்டில் ஓர் ஆடு இருந்தது. சொல்ல வேண்டியதை எல்லாம் அதனிடம் சொன்னாள். “சோறு ஆறுது, வந்து கொட்டிக்கினு போவச் சொல்லு.” காசிநாதனும் ஆட்டிடமே பதில் சொல்லப் பழகினான். “கொயம்பு ஊத்தச் சொல்லு.” ஆடு ரெண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப் போயிருக்கும். மூச்சு விட்டதைப் பார்த்த பிறகும் இவளுக்கு ஏன் மனசு இறங்கவில்லை என்பதுதான் காசிநாதனுக்குப் புரியவே இல்லை. ஒரு மூச்சு போதவில்லையோ என்று ராவும் பகலும் குழம்பினான். அதை வாய்விட்டுக் கேட்கவும் வெட்கம். பிணமாகக் கிடக்கச் சொன்ன இடத்தில் மூச்சு விட்டது வேலையில் செய்த தப்பு அல்லவா.

சித்திரையில் படம் வந்தது. சாக்சஃபோனும் வந்தது, ஆனால் கொலைகாரனைத் தேடி ஹீரோ மழையில் நடக்கிற இடத்திலெல்லாம் வந்துவிட்டு, ஒப்பாரிக்கு மட்டும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டது. கொலைகாரன் யார் என்பதையும் படம் சொல்லவில்லை. ஹீரோ தொப்பியைக் கழற்றி அருவியில் வீசிவிட்டு நடந்து போவார், அவ்வளவுதான். இயக்குநரைக் கேட்டதற்கு, “இருட்டுதான் கொலைகாரன்” என்று பேட்டி கொடுத்தார். அப்படியானால் இருட்டைப் பிடித்து உள்ளே போட வேண்டியதுதானே என்று ஊரில் கேட்டார்கள். ரெண்டு மூன்று நாளில் தியேட்டரில் ஈ காக்கை இல்லை. படத்தைத் தூக்கிவிடுவார்கள் என்று காசிநாதன் நிம்மதியாக இருந்தான்.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டான் ஜீவா. படம் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், தானே ஒரு கருத்தைச் சொல்லிவிட்டான். சாமந்தி மாலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு ஒரு வீடியோ. ‘பிணம் மூச்சு விடுது மக்களே! அது மட்டுமா? செத்தவன் பேரு ஞானப்பிரகாசம்னு படம் முழுக்கச் சொல்றாங்க. ஆனா அழுவற பொம்பள காசிநாதான்னு கூப்புடுது! அப்ப செத்தது யாரு? செத்தாங்களா இல்லியா?’

அவ்வளவுதான். அதுவரை ‘கதையே இல்லை’ என்று துப்பியவர்கள் எல்லாம், கதை எங்கேயோ ஒளிந்திருக்கிறது, நாம்தான் மக்கு என்று வெட்கப்பட்டுத் திரும்பவும் டிக்கெட் எடுத்தார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிக்காரர்கள் பரோட்டாவை மறந்து சண்டை போட்டார்கள். பிணம் விட்டது ஒரு மூச்சு இல்லை, ரெண்டு மூச்சு, ரெண்டாவது மூச்சு சத்தமில்லாதது என்றார் எலவனாசூர்கோட்டைக்காரர் ஒருத்தர். சத்தமில்லாத மூச்சு எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, அதுக்குத்தான் சினிமா அறிவு வேணும் என்றார். காசிநாதன்தான் ஞானப்பிரகாசத்தைக் கொன்றுவிட்டு அவன் இடத்தில் தானே பிணமாகப் படுத்துக்கொண்டான் என்று ஒரு கட்சி. ரெண்டு பேரும் இரட்டையர் என்று இன்னொரு கட்சி. யாரந்த இருசம்மா, அவளை ஏன் படத்தில் காட்டவில்லை, மறைக்கிறார்கள் என்றால் அவள்தான் கொலைகாரி என்று மூன்றாவது கட்சி. இந்த மூன்றாவது கட்சிக்குத்தான் ஆள் ஜாஸ்தி.

காசிநாதன் பஸ்ஸில் போகும்போது, பாட்டில் வந்த ஊரையும் பேரையும் வைத்து ஒருத்தன் அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்தான். “ண்ணா, நீங்க நெஜமாவே செத்தீங்களா இல்லியா?” காசிநாதன் வாயைத் திறப்பதற்குள் காதைப் பொத்திக்கொண்டான். “சொல்லிடாதீங்க ண்ணா, நான் இன்னும் படம் பாக்கல!”

படம் பிய்த்துக்கொண்டு ஓடியதும் இயக்குநர் டிவியில் தோன்றினார். அந்த மூச்சு தான் திட்டம் போட்டு வைத்தது என்றார். “அவர்கிட்ட, இந்த வரியில, இந்த அளவுல மூச்சு விடுங்கன்னு நான்தான் சொன்னேன். பேர் மாறினதும் அப்படித்தான். ரசிகர்கள் கண்டுபிடிக்கறாங்களான்னு காத்திருந்தேன்.” சொல்லும்போது கண் கலங்கியது. தானே நம்பிவிட்டார் போலிருக்கிறது.

ரெண்டு நாளில் சிவசங்கர் கச்சிராயபாளையத்துக்கு வந்து இறங்கினான். தியேட்டரில் மேட்னி ஷோ முடிந்ததும் ஒரு விழா. காசிநாதன் மேடை ஏறி, “டைரக்டர் சொன்னாரு, வுட்டேன்” என்று சொன்னால் போதும். ரெண்டாம் பாகத்தில் அவனுக்கு வசனம் உண்டு. தொப்பியும் உண்டு. பையிலிருந்து ஒரு சாம்பல் நிறத் தொப்பியை எடுத்து அவன் தலையிலேயே வைத்துவிட்டான். காசிநாதன் தண்ணீர்க் குடத்தில் முகத்தைப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. தொப்பி போட்டவுடன் ஏதோ துப்பு கிடைத்த மாதிரி முகம் மாறிவிடுகிறது.

“அந்தப் பாட்டை எடுத்துருங்க தம்பி, நான் சொல்றேன்” என்றான்.

“அந்தப் பாட்டை எடுத்தா இப்ப படமே இல்லண்ணே.”

“அப்ப எங்க வூட்டுக்காரிகிட்ட நீயே சொல்லிட்டுப் போ.”

சிவசங்கர் உள்ளே போனான். இருசம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “அக்கா, அது வெறும் சினிமாக்கா. தப்பா எடுத்துக்காதீங்க.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “உங்க படத்துல செத்தவனுக்குப் பொண்டாட்டி இருக்கறா. அவளுக்கு ஒரு பேரு வெக்க உங்களுக்குத் துப்பில்ல. எம் பேரை எடுத்துக்கினீங்க. செரி, நீங்க யாரோ, போறீங்க. என்னிய மலைமேல வெச்சி தாலியறுக்கறாங்க, அந்தாளு அதைக் கேட்டுகினு கட்ட மாதிரி கெடந்தானே, அதான் எனக்கு ஆறல. பூவிழந்துன்னு ஆரமிச்சதும் நான் திரும்பிகினு ஜீப்புக்கு ஓடியாந்துட்டேன்.”

வாசலில் தொப்பியோடு நின்ற காசிநாதனுக்கு அப்போதுதான் தலையில் இடி இறங்கியது. இவள் பார்க்கவே இல்லை! தனக்காகத்தான் அவன் மூச்சு விட்டான் என்பது இத்தனை மாசமாக அவளுக்குத் தெரியவே தெரியாது. உள்ளே பாய்ந்தான். “நான் மூச்சு வுட்டேன் புள்ள! உனக்குத்தான் வுட்டேன்! நீ நின்னுகினு இருக்கன்னு நெனச்சி வுட்டேன்!”

இருசம்மாள் ஆட்டைப் பார்த்துத் திரும்பினாள். “டைரக்டரு வுடச் சொன்னாரு, வுட்டாங்களாம். டிவியில வந்துடுச்சு. இப்ப எனக்கு வுட்டாங்களாம்! தலையில தொப்பி வேற.”

அவன் தொப்பியைக் கழற்றினான். வயிற்றெரிச்சல் அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது. மீசையைக் கொடுத்தான், மூஞ்சியைக் கொடுத்தான், அவற்றை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு மூச்சு அவனுடைய சொந்த மூச்சு. அதையும் ஒருத்தர் டிவியில் உட்கார்ந்து தன்னுடையது என்கிறார், இவளும் நம்புகிறாள். மேடை ஏறி ‘ஆமாம்’ என்று சொன்னால் கதை முடிந்தது. அப்புறம் உலகம் உள்ளவரை அது இயக்குநரின் மூச்சுதான்.

விழாவுக்குக் கிளம்பும்போது ஆட்டிடம் சொன்னான். “இன்னிக்கு மேட்னிக்கு அப்பறம் நான் ஒண்ணு சொல்லப் போறேன். கேக்கறவங்க வந்து கேக்கலாம்.” ஆடு வேலியைக் கடித்துக்கொண்டிருந்தது.

தியேட்டர் நிரம்பி வழிந்தது. ஒப்பாரிக் காட்சி வந்ததும் கூட்டமே எழுந்து நின்று செல்போன் விளக்கை ஆட்டிக்கொண்டு, “கண்ணான காசிநாதா” என்று ஒரே குரலில் அழுதது. விசிலடித்துக்கொண்டே மாரில் அடித்துக்கொண்டார்கள். மூச்சு விடுகிற இடத்தில் காகிதம் பறந்தது. தன் சாவுக்கு இவ்வளவு கைதட்டலா என்று காசிநாதன் திரைக்குப் பக்கத்தில் கூனிக் குறுகி நின்றான். பின்னால், கடைசி வரிசைக்குப் பக்கத்துச் சுவரோரம் அவளைப் பார்த்தான். கல்யாணத்துக்குப் போகிற சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மூஞ்சியை முந்தானையால் மூடிக்கொண்டு திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள். இப்போதும் அவள் பார்க்கவில்லை.

விளக்கு எரிந்தது. இயக்குநர் அவனை அணைத்துக்கொண்டார். ஜீவா மைக்கைக் கொடுத்தான். “சொல்லுங்க காசிநாதன் அண்ணே, அந்த மூச்சு யாரோட ஐடியா?”

காசிநாதன் மைக்கை வாங்கி வாய்க்கு நேரே பிடித்தான். சிவசங்கர் கீழேயிருந்து தொப்பியைத் தூக்கிக் காட்டினான்.

“எவனும் வுடச் சொல்லல” என்றான் காசிநாதன். கூட்டம் அடங்கியது. “எங்கக்காவுக்குச் செத்தவன் பொண்டாட்டி பேரு தெரியல. எம் பொண்டாட்டி பேரைப் போட்டு அழுதிருச்சு. அவ எதிர்ல நின்னுகினு இருந்தா. இருசா, நான் உசுரோடதான் இருக்கேன், நீ பூவு எடுக்காதன்னு சொல்லணும். எப்படிச் சொல்லுவேன்? பொணம் பேசக் கூடாது. அதான் மூச்சு வுட்டேன். அது எம் மூச்சு. வேற யாரோடதும் இல்ல.”

சொல்லி முடித்ததும் கூரை பிய்கிற மாதிரி கைதட்டல். “ரெண்டாம் பாகம் லீடு குடுத்துட்டாருடா!” என்று ஒருத்தன் கத்தினான். “நான் அப்பவே சொன்னேன், பொண்டாட்டிதான் கொலைகாரி!” என்றான் இன்னொருத்தன். இயக்குநர் நெஞ்சில் கை வைத்து, “எவ்வளவு அழகா நான் சொல்லிக் குடுத்ததைச் சொல்றார் பாருங்க” என்றார். காசிநாதனுக்கு அழுகை முட்டியது. உண்மையைச் சொன்னாலும் படமாகவே பார்க்கிற இந்த ஜனங்களிடம் இனி என்னத்தைச் சொல்வது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “அந்த எடத்தை மறுபடியும் போடுங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். இருசம்மாள் முந்தானையை இறக்கிவிட்டிருந்தாள்.

“படம் முடிஞ்சிதும்மா” என்றார் தியேட்டர் மேனேஜர்.

“தெரியுது. அந்த மூச்சு வுடற எடத்தை மட்டும் போடுங்க. நான் பாக்கணும். நான்தான் இருசம்மா.”

கொலைகாரியே நேரில் வந்துவிட்டாள் என்றதும் கூட்டத்துக்கு வெறி பிடித்தது. “போடு! போடு!” என்று நாற்காலியைத் தட்டினார்கள். ஆபரேட்டர் வேறு வழியில்லாமல் அந்த இடத்தைத் தேடிப் போட்டார். மறுபடியும் புகை, மழை, பாடை. ராணியம்மாளின் குரல் எழும்பியது. “பூமுடிஞ்ச இருசம்மா பூவிழந்து...” அவள் இந்தத் தடவை திரும்பிக்கொள்ளவில்லை. கட்டின கால், மூடின கண், மூக்கில் பஞ்சு. அவள் பெயர் வந்த அந்த இடத்தில் வயிற்றின்மேல் கிடந்த மாலை மெதுவாக, நன்றாக, எழும்பி இறங்கியது.

இருசம்மாள் வெளியே நடந்தாள். காசிநாதன் இயக்குநரின் கையை உதறிவிட்டுப் பின்னால் ஓடினான்.

வாசலில் ஜீவா அவர்களை முந்திக்கொண்டு போய் மைக்கை நீட்டினான். “அக்கா, படம் எப்படி இருந்துச்சு?”

அவள் நின்று, நியாயமாக யோசித்துத்தான் பதில் சொன்னாள். “மழை ஜாஸ்தி. தொப்பி ஜாஸ்தி. மனுசங்க கம்மி.”

“அந்த மூச்சு?”

“அது ஒண்ணுதான் உருப்படி.”

“அது ட்விஸ்டா, தப்பாக்கா?”

அவள் ஜீவாவை விட்டுவிட்டுப் பின்னால் மூச்சு வாங்க நின்றவனைப் பார்த்தாள்.

“யோவ்” என்றாள். எத்தனை மாசத்துக்குப் பிறகு, ஆட்டுக்கு இல்லாத ஒரு சொல். “அம்மாஞ் சனத்துக்கு எதிர்ல என்னிய அறுத்து நிறுத்தறாங்க. நீ இம்மாத்தூண்டு மூச்சு வுட்டுட்டுக் கெடந்தியா? எழுந்து உக்காந்திருந்தா இன்னா?”

காசிநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “எழுந்திருந்தா ஒன்மோர் கேப்பாங்க புள்ள. அக்கா மொதல்லருந்து பாடும். உன்னிய ரெண்டாவது தபாவும் அறுப்பாங்க.”

இருசம்மாள் அதைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கச்சிராயபாளையம் பஸ் ஹாரன் அடித்தது. அவள் தலையிலிருந்த பூவைச் சரிசெய்துகொண்டு அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாய்யா, சீட்டு போயிடப் போவுது.”